ஆதம்பாக்கம் போகும் வழியில் ஒரு போல்ட்

காலை ஒன்பது மணிக்கு மயிலாப்பூரிலிருந்து கிளம்பினோம். போகவேண்டிய இடம் ஆதம்பாக்கம். தூரம் பத்துப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும். இதையெல்லாமா பயணம் என்று எழுதுவது என்று கேட்பவர்கள், ஒருமுறை வீட்டுச் சாமானோடு லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்க்கட்டும். கைலாசம் போய்வந்த என் அத்தைகூட என் அளவுக்குக் களைத்து வரவில்லை.

அப்பாவை எனக்கு முன்னாலேயே என் தங்கை மாலா காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்த வாடகை வீடு. இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். வீடு காலியாவதை அவர் பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் வலி பின்னியெடுத்துவிடும். தரையில் படுக்கவைத்தாலோ, மறுபடி தூக்க மூன்று பேர் வேண்டும். தலைமாடு உயர்கிற கட்டில் ஒன்று அவருக்கென்றே வாங்கியிருந்தோம். அது லாரியில் வந்துகொண்டிருந்தது. மாலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் காரில் போட்டுக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தோம்.

அந்தக் கட்டில் லாரியில் எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம். இறக்கும்போது முதலில் கைக்கு வரவேண்டுமே என்று அவற்றைக் கடைசியாக ஏற்றி, பின்கதவு ஓரமாக வைக்கச் சொன்னேன். அப்பா கிளம்பியதும் காலியானது அவருடைய கட்டில். அதனால் அது முதலில் ஏறியது. பீரோ, ஃபிரிட்ஜ், சோபா எல்லாவற்றுக்கும் பின்னால், கேபினை ஒட்டிப் போய்ச் சேர்ந்தது. சாமிக்கு வழிவிட்டு அப்பாவை அடைத்துவிட்டேன்.

டிரைவர் பெயர் டில்லிபாபு. சொந்த லாரி. மந்தைவெளிவரை அவர் தம் மச்சானைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். அடையாறு பாலத்தில் ஏறும்போது பேச்சு நின்றது. சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் நின்றுகொண்டிருந்தது. பாலம் இறங்கி ஓரங்கட்டியதும் குபுகுபுவென்று ஆவி. எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது, பெரிய விஷயமில்லை என்றார். பிறகு, மிகச் சாதாரணமாக, "மஞ்சத்தூள் வச்சுக்கினு கீறீங்களாமா?" என்று கேட்டார்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால், அது ஓடிப்போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளுமாம். பின்கதவோரம் தயாராகத்தான் இருந்ததே, புது வீட்டு மஞ்சள்! எடுத்துக் கொடுத்தேன். பொட்டலத்தில் பாதியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றினார். ஒழுகல் நின்றது. சுபகாரியத்துக்கு வாங்கியதாயிற்றே, கைவிடாது என்று நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அடையாறு சிக்னலைத் தாண்டுவதற்குள் இன்னும் மோசமாகக் கொதித்தது.

பத்தரை மணிக்கு ஒரு குறுக்குத் தெருவில், கிரில் பட்டறை ஒன்றின் எதிரே நின்றோம். மெக்கானிக் பாஷா பாய் வரவே ஒரு மணி நேரமாயிற்று. வந்தவர் மூடியைத் திறந்து மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரேடியேட்டர்ல சாம்பார் வச்சுக்கினு கீறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. தண்ணீர் சுற்றி ஓடுகிற வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது. எஞ்சின்மேல் கைப்பிடி அளவில் ஒரு மூடி. அதைக் கழற்றி உள்ளே அடைத்திருப்பதைச் சுத்தம் செய்தால் போதும் என்றார். மூடிக்கு இரண்டே போல்ட். ஒன்று சொன்னபடி கேட்டது. மற்றதன் தலை ஆறு மூலையும் மழுங்கி, உருண்டையாகிவிட்டிருந்தது. எந்த ஸ்பேனர் போட்டாலும் வழுக்கியது.

"பதிமூணு ஸ்பேனர் போடற எடத்துல பதினாலு போட்டு முறுக்கனது யாரு?" என்றார் பாஷா பாய். டில்லிபாபு தெருக்கோடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாராம். வலிக்காமல் இருக்காது. கட்டிலை மட்டும் இறக்கிச் சின்ன வண்டியில் அனுப்பலாமா என்று சுமைதூக்க வந்த இரண்டு பேரிடம் கேட்டேன். வீட்டுச் சாமான் முழுவதையும் நடுத்தெருவில் இறக்கினால்தான் கட்டில் தெரியும் என்றார்கள். சொல்லிவிட்டு, லாரிக்குள் என் சோபாவிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

போல்ட்டுக்கு முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார் பாஷா பாய். ஊறும்வரை டீ குடித்தோம். பிறகு அளவில் சிறிய சாக்கெட் ஸ்பேனரை வைத்துச் சுத்தியால் அடித்து இறக்கித் திருகினார். வழுக்கியது. உளியை ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டினார். போல்ட்டின் தலையில் ஒரு சில்லு பெயர்ந்ததுதான் மிச்சம். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி டீ. ஓங்கி அடித்தால் மூடியே விரிசல் விட்டுவிடும், அப்புறம் வண்டி நாளைக்குத்தான் என்றார். அதைக் கேட்டபிறகு ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கடைசியில் வெல்டிங்தான் என்று முடிவாயிற்று. அந்த மழுங்கிய தலைமேல் புதிதாக ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டால், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும். அந்தச் சூட்டிலேயே போல்ட்டும் இளகிக்கொடுக்கும். எதிரே கிரில் பட்டறை. ஆனால் பட்டறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்தபோது கரண்ட் போயிருந்தது. கரண்ட் வந்தபோது மணி மூன்று. எதிர்வீட்டு அம்மா ஒருவர் மோர் கொண்டுவந்து கொடுத்து, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். ஆதம்பாக்கம் என்றேன். காலையில் கிளம்பினோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் நட்டு, ஸ்பேனர் போட்டதும் டக்கென்று கையோடு வந்துவிட்டது. பாஷா பாய் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மனசுக்குள் அதைவிட மோசமாகச் சொல்லியிருந்தேன். இரண்டாவது நட்டைப் பற்றவைத்து, சிவப்பு அடங்குவதற்குள் ஸ்பேனரை மாட்டி, கால் இஞ்சு முன்னே, கால் இஞ்சு பின்னே என்று ஆட்டினார். கிறீச்சென்று ஒரு சத்தம். போல்ட் சுற்ற ஆரம்பித்தது.

டில்லிபாபு போல்ட் இருந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓட்டையை அடைத்திருந்ததை மட்டும் விட்டு, மூடிக்குள் இருந்த மஞ்சள் களியை வழித்தெடுத்து, புது போல்ட் போட்டு, தண்ணீர் நிரப்பிக் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மத்திய கைலாஷ் அருகில் ஆபீஸ் விடும் நேரத்து நெரிசல். வேளச்சேரியில் அதைவிட நெரிசல். நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆதம்பாக்கத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். லாரி நின்றதும் சாமி படத்தையும் எடுக்கவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. வெறுங்கையோடு மாடிக்கு ஓடினேன். காலி ஹாலின் நடுவே, காலையில் போட்ட அதே நாற்காலியில் அப்பா. சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பத்துத் தடவை சொல்லிவிட்டேன், கழற்ற மாட்டேன் என்கிறார் என்று மாலா அழாத குறையாகச் சொன்னாள்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். ரொம்ப வலிக்குதாப்பா என்று கேட்டேன்.

"அது கெடக்கு. லாரி வந்துடுச்சா செல்வி?"

"வந்துடுச்சுப்பா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்ப கெளம்புவோம். இருட்டறதுக்குள்ள மயிலாப்பூர் போயிரலாம்."

மாலா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே டில்லிபாபு, எதை முதலில் இறக்கட்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் செருப்பு வாரை அவிழ்க்க ஆரம்பித்தேன்.