அறுபத்தாறில் அரிச்சுவடி

மனைவி போய் ஒன்றரை வருஷத்தில் அவள் குரல் என் தலைக்குள் மங்க ஆரம்பித்தது. முகம் இருக்கிறது. கட்டிய புடவைகள்கூட நிறம் நிறமாக இருக்கின்றன. குரல்தான், பேட்டரி தீரப்போகிற ரேடியோ மாதிரி.

மகளுக்காக அவள் எழுதிவைத்த சமையல் நோட்டு ஒன்று இருக்கிறது. என் மனைவி கொல்கத்தா லேக் கார்டன்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சு தமிழ், எழுத்து வங்காளம். வெந்தயக் குழம்பைக்கூட வங்காள எழுத்தில்தான் வைப்பாள். நானோ முப்பத்தைந்து வருஷம் கொல்கத்தாவில் வங்கி அதிகாரியாக இருந்து, பஸ் போர்டைக்கூட அவளையே படிக்கச் சொன்ன மகா பண்டிதன்.

"நான் படிச்சு ரெகார்ட் பண்ணி அனுப்பறேம்பா" என்றாள் மகள், போனில்.

"வேண்டாம்மா. அப்புறம் உன் குரல்தான் மனசுல நிக்கும். நானே கத்துக்கறேன்."

"இந்த வயசுலயா?"

"இப்பவும் மூளையில புது செல் முளைக்கலாமாம். டாக்டர் சொன்னார்."

"உனக்குள்ள முளைச்சா பாவம் அதுங்க."

தினமும் நடை போனால் செல் முளைக்க நல்லது, ஒரே மாதிரி இருப்பதைப் பிரித்தறிய அந்தப் புது செல்கள் உதவும், மனிதர்களுக்கு எவ்வளவு முளைக்கும் என்பதில்தான் இன்னும் சண்டை என்றார் டாக்டர். போகிறபோக்கில், எலிகளுக்குப் புதுசு முளைக்கையில் பழைய ஞாபகம் சிலது அழிவதும் உண்டு என்று ஒரு குண்டையும் போட்டார். எழுத்து வந்து, மிச்சக் குரலும் போய்விட்டால்?

இருந்தும் கரியாஹாட் கடைத்தெருவில் போய் வங்காள அரிச்சுவடி கேட்டேன்.

"பேரனுக்கா தாதா? என்ன வயசு?" என்று வங்காள வழக்கப்படி என்னை அண்ணனாக்கிக் கேட்டார் கடைக்காரர்.

"அறுபத்தாறு."

கடைக்காரர் படம் போட்டதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

காலையில் ஏரியைச் சுற்றி நடை, பிறகு பாடம். வங்காளத்தில் 'ப'வுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தால் 'ர'. இரண்டு வாரம் ரசத்தைப் 'பசம்' என்றே படித்தேன். மூன்றாம் வாரம் புள்ளி கண்ணில் பட்டது. புது செல்லா, புதுக் கண்ணாடியா, தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரலை வைத்துக்கொண்டு ரசப் பக்கத்தை உரக்கப் படித்தேன். "பருப்புத் தண்ணி ரெண்டு கரண்டி. அப்பாவுக்கு உப்பு பாதிதான். கேட்டா, முழுசாப் போட்டிருக்கேன்னு சொல்லு."

அடிப்பாவி!

சிரித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது, 'பாதிதான்' என்ற இடத்தில் அவள் குரல் வந்தது. வாழ்நாளெல்லாம் மூச்சுவிடாமல் பேசியவள், என் விரல் நகர்கிற வேகத்துக்கு, எழுத்துக்கு எழுத்து நின்று நின்று பேசினாள்.

நான் அவசரப்படுத்தவில்லை.