துரையின் கால்சட்டை

அக்கா போட்ட தையல் பிரிந்து யாரும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. கடைத்தெருவில் அவளுக்கு அதுதான் பெயர், அதுதான் திமிரும். ஆளைப் பார்த்தே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். டேப்பு கழுத்தில் சும்மா தொங்கும். பட்டனுக்குக் காஜா எடுக்கவும் ஓரம் அடிக்கவும் தங்கை நான். மெஷினுக்கு அடியில் நாள் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருக்க ஒரு கறுப்பு நாய். ஒரு வேலையும் செய்யாததால் அவனுக்குத் துரை என்று பெயர்.

துணி இறக்க வந்த துணிக்காரரின் வேன் பின்னோக்கி நகர்ந்து, எங்கள் கண்ணெதிரே துரையின் மேல் ஏறியது. அக்கா கத்தரிக்கோலும் கையுமாக ஓடினாள். பின்னங்காலில் தொடை எலும்பு இரண்டு துண்டு. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா தகடு வைத்துத் தைத்தார். கூட்டிவரப் போனோம். இடுப்பிலிருந்து பாதம் வரை முடியை மழித்திருந்தார்கள். எங்கள் வீட்டு நாய் மாதிரியே இல்லை.

காயத்தை நக்க விடக்கூடாது என்றார்கள். அக்கா சும்மா இருப்பாளா? அன்றைக்கே ஒற்றைக்கால் வைத்து ஒரு கால்சட்டை தைத்தாள். வாலுக்கு ஓட்டை, முதுகில் பட்டன். துரை அடிபட்ட காலை அதற்குள் மடக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தித் திரிந்தான். தினமும் பட்டனைக் கழற்றி டாக்டரம்மாவின் தையலைப் பார்ப்போம். "நல்லா இழுத்துப் போட்டிருக்காங்க" என்று அக்கா மார்க் கூடப் போட்டாள். சில நாளில் கால்சட்டை தொளதொளத்தது. பிடித்துத் தைத்தாள். மறுபடி தொளதொளத்தது, மறுபடி பிடித்தாள். மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டான் என்று துணிக்காரரைத் திட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன், அந்த ஆளைத் திட்ட எனக்குக் காரணமே வேண்டாம்.

தையல் பிரிக்கப் போன இடத்தில் டாக்டரம்மா கால்சட்டையை மொத்தமாக உருவிவிட்டு, இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கம் தொடை. இன்னொரு பக்கம் தோல் போர்த்திய எலும்பு.

"இவ்வளவு நாளா இந்தக் காலைப் பார்க்கவே இல்லையாம்மா?"

"தையலைப் பார்த்தேன் டாக்டர்" என்றாள் அக்கா. "காலைப் பார்க்கலை."

ஊன்றாமலே வைத்திருந்ததால் சதை கரைந்துவிட்டதாம். நடக்கப் பழக்குங்கள், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். உடம்பு இளைத்தால் துணியைப் பிடித்துத் தைப்பது எங்கள் பிழைப்பு. அந்தப் புத்திதான் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

கால்சட்டை சுவர் ஆணிக்குப் போனது. அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், காலை மடக்கி நீட்டுவாள், கயிறு கட்டி மெல்ல நடத்துவாள். மழித்த இடத்தில் முடி முளைத்தது, அதுவும் வெள்ளை வெளேரென்று! பயத்தில் நரைத்துவிட்டானோ என்று நான் பதறினேன். பாரம் தாங்கித் தாங்கி முன்பக்கம் பயில்வான் மாதிரி திரண்டது. பின்னங்கால் மட்டும் விரல் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அவ்வப்போது அக்கா கால்சட்டையை எடுத்து மாட்டிப் பார்ப்பாள். கால் தேறாமல் அது வழுக்கிக்கொண்டு ஏறும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. டேப்பு வைத்து அளந்தும் வாடிக்கையாளர்களின் அளவைத் தப்பாகச் சொன்னாள்.

பல வாரம் கழித்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் கடைசியாக ஒருமுறை மாட்டினாள். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. பட்டன் சிக்கிக்கொண்டது என்று நினைத்து இழுத்தாள். வலித்ததோ என்னவோ, துரை அந்தக் காலாலேயே அவளை ஓர் உதை விட்டான். பர்ரென்று சத்தம். தொடையோரத் தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. அக்காவின் தையல்! துரை நான்கு காலையும் ஊன்றி உடம்பை உதறிவிட்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் நாயைக் காட்டவில்லை. அந்தக் கிழிசலைத்தான் மேசைமேல் விரித்தாள்.

"என் தையல் பிரிஞ்சிருச்சு டாக்டர்."