சாயங்காலம் மட்டும் வேலை நடந்த பிரிவு

அந்தத் தொழிற்சாலையில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டையை ஒட்டிய பகுதியில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் இடம் அது. எங்கள் ஐ.டி. நிறுவனம் என்னைத் தனியாக அங்கே அனுப்பியிருந்தது.

என் வேலை சொல்வதற்கு எளிது. எந்த ஆர்டர், அதற்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது. இந்த மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். ஸ்டோர், சோதனை, டெஸ்பாட்ச் என்று கம்ப்யூட்டரில் அங்கங்கே சிதறிக் கிடப்பதை இப்படி வரிவரியாகக் கோத்தால் அது 'ஈவென்ட் லாக்'. அதைக் கொடுத்தால், ஆர்டர் எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று இன்னொரு மென்பொருள் படமாகக் காட்டிவிடும்.

எங்கே தேங்குகிறது என்பதை மேலாளர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"சோதனைப் பிரிவுலதான் எல்லாம் நிக்குது. அந்தம்மாதான் காரணம். யார் செஞ்சாங்கன்னு பேரையும் ஒவ்வொரு வரியிலயும் சேர்த்து, படமா போட்டுக் குடுங்க. போதும்."

அந்தம்மா சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். ஐம்பதை நெருங்கியவர், அம்பத்தூர்க்காரர். நான் போய் நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா வேணும்?"

"வால்வு இங்க வந்ததும் என்னென்ன செய்வீங்கன்னு தெரிஞ்சுக்கணும்க்கா."

"அக்கான்னு கூப்ட்டா ஆச்சா? யாரைத் தூக்கணும்னு எய்தித் தரத்தான வந்துக்கீற. போய் எய்து."

பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. நான் உட்காரப் போவதைப் பார்த்து அதன்மேல் ஒரு டிரேயை எடுத்து வைத்தார். நின்றுகொண்டே அந்தப் பிரிவைப் பார்த்தேன். காலையிலிருந்தே பெண்கள் வால்வுகளில் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தகவலை இறக்கிப் பார்த்தபோது வேறு கதை இருந்தது. அதன்படி அந்தப் பிரிவில் பகல் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. ஷிஃப்ட் முடிவதற்குச் சற்று முன்னால் எல்லா வால்வுகளும் மொத்தமாகத் தேறியிருந்தன.

காரணம் அன்று சாயங்காலமே தெரிந்தது. மேலாளர் டீ குடிக்கக் கீழே இறங்கியதும், சோதனைப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர், அன்று சோதித்த வால்வுகளின் விவரம் எழுதிய டேக் அட்டைகளைக் கை நிறைய எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குள் ஓடினார்கள். அங்கிருந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் அவசர அவசரமாகத் தட்டினார்கள். அவர்கள் பிரிவுக்கென்று வாங்கியதாம் அது. அவர் தன் அறையில் வைத்துக்கொண்டார்.

"சார் உள்ள இருந்தா நாங்க போவக்கூடாது" என்றாள் ஒருத்தி, திரும்பாமலே.

என் டீம் லீடருக்குப் போன் செய்தேன். "சார், டேட்டாவுல இருக்கிறது சோதிச்ச நேரம் இல்ல. டைப் பண்ண நேரம். இதை வெச்சுப் படம் போட்டா தப்பாத்தான் வரும்."

"கிளையன்ட் கேட்டதைக் குடு. இருக்கிற டேட்டாவைத்தான நாம காட்டுறோம்?"

"ஒரு அம்மாவோட வேலை போயிடும் சார்."

"அது நம்ம ப்ராப்ளம் இல்ல."

அந்தக் குரலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

படத்தைக் காட்டும் கூட்டத்துக்குத் தொழிற்சாலை முதலாளியும் என் டீம் லீடரும் வந்திருந்தார்கள். திரையில் சோதனைப் பிரிவு மட்டும் சிவப்பாக இருந்தது. "பாருங்க சார், காலையில போன சரக்கு சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கு" என்றார் மேலாளர். அந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அடுத்த படத்துக்குப் போ என்று டீம் லீடர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் போகவில்லை. "அது வேலை நடந்த நேரம் இல்ல சார். கம்ப்யூட்டர்ல ஏத்தின நேரம். கம்ப்யூட்டர் இவரோட ரூம்ல இருக்கு. இவர் வெளியே போனாத்தான் அவங்க உள்ள வர முடியும்" என்றேன்.

மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. டீம் லீடரிடம், "என் ரூமைப் பத்திப் பேச இவங்க யாரு?" என்றார்.

முதலாளி அந்தம்மாவிடம் கேட்டார். "அப்படியாம்மா?"

"எத்தினி தபா சொல்லிக்கீறேன் சார்."

திரும்பும்போது காரில் டீம் லீடர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நாளையிலேர்ந்து நீ வேற ப்ராஜெக்ட்."

கொஞ்ச காலம் கழித்து, என் இடத்துக்கு வந்தவருக்குப் பழைய வேலையை விளக்க அங்கே மறுபடி போனேன். சோதனைப் பிரிவில் புது கம்ப்யூட்டர் இருந்தது, ஆளுக்கொரு லாகின். அந்தம்மாவிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் போனேன்.

"இன்னா, திருப்தியா?" என்றார். "முன்னாடி சாயங்காலம் ஒரே மூச்சுல ஏத்திட்டு ஊட்டுக்குப் போவோம். இப்போ ஒவ்வொரு பீஸுக்கும் கையைத் தொடச்சிகினு வந்து தட்டணும். யாரு எப்போ எய்ந்து போனான்னு அந்த மேனேஜர் மேல உக்காந்து பாத்துகினு கீறான்."

"உங்க மேல பழி வரக்கூடாதுன்னுதான்கா பேசினேன்."

"பழியே உன்னாலதான் வந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி அவன் வாயால திட்டுவான், நானும் திட்டுவேன், அத்தோட போச்சு. இப்போ படம் காட்றான்."

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் நூம்பலில் இருக்கும் வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் அதே வேலையைத்தான் செய்கிறேன். யார் செய்தார்கள் என்று பெயரும் வரியில் வேண்டும் என்று யாராவது கேட்டால், எதற்கு என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் கேட்டவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.