மருதமுனைச் சைக்கிளுக்கு மூன்றாவது கிளச்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கிழக்கிலங்கையின் கல்முனையில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அப்போது ஒருவர் என்னைக் கள்ளன் என்று சொன்னார். அதுவும் எங்கள் கடைக்கு எதிரே, தேநீர்க்கடை வாசலில், நாலு பேர் கேட்க.

சொன்னவர் லெத்தீப் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பக்கத்து ஊரான மருதமுனையில் சாரன் வியாபாரி, ஊர் ஊராகக் கைலி விற்பவர். அவருடைய மோட்டார் சைக்கிளில் கிளச் சிலிப் ஆனது. அக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. கழற்றிப் பார்த்தேன், பிளேட்டுகள் கருகிக் கிடந்தன. புது பிளேட் செற் போட்டேன். இரண்டே கிழமையில், பதினாலாம் நாள், திரும்பி வந்தார். ஸ்பிரிங்கெல்லாம் சரிபார்த்து இன்னொரு செற் போட்டேன். மூன்றாம் முறையும் சிலிப் ஆனபோது அவர் எங்களிடம் வரவில்லை, நேரே தேநீர்க்கடைக்குப் போனார்.

“புதுப் பிளேட்ட இவன் வெச்சிக்கிட்டு, பழசத்தான் பூட்டியிரிக்கான்” என்றாராம்.

முதலாளி கூப்பிட்டார். “இஞ்ச பாரு றபீக், நீ எடுத்த எண்டு நான் சொல்லல்ல. ஆனா அந்தாள் ஊரெல்லாம் கதைச்சித் திரியிறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பிழை எங்க எண்டு காட்டு. இல்லாட்டி ஒன்ன வெச்சிருக்க ஏலா.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. களவுப் பெயரோடு போனால் வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் ரோட் டெஸ்ட் போனபோதெல்லாம் வண்டி நன்றாக இழுத்தது. நான் ஓட்டியது வெறும் வண்டி. அவர் ஓட்டுவது சாரன் மூட்டைகளோடு.

மறுநாள் காலையிலேயே மருதமுனைக்குப் போனேன். காக்கா அக்கரைப்பற்றுக்குப் புறப்பட, இழுத்தவரை இழுக்கட்டும் என்று அதே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன, இன்னொரு செற் பூட்டவா வந்த?”

“இல்ல காக்கா. நீங்க எப்பயும் கட்டுற மாதிரிக் கட்டுங்க. நான் பாக்கன்.”

முறைத்துக்கொண்டே கட்டினார். பின்னால் ஒரு மூட்டை, பெற்றோல் டாங்கியின் மேல் இன்னொன்று. முன்மூட்டைக் கயிற்றைக் காலால் உதைத்து இறுக்கினார். நான் கிளச் லீவரைத் தொட்டேன். கட்டாயம் இருக்க வேண்டிய லூஸ் துளியும் இல்லை. டாங்கி ஓரமாக வரும் கிளச் கேபிளையும் சேர்த்தே கயிறு இறுக்கியிருந்தது. வழி நெடுக யாரோ கிளச்சைப் பாதி பிடித்துக்கொண்டு போவது போலத்தான். பிளேட் கருகாமல் என்ன செய்யும்?

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். லீவரில் லூஸ் வந்தது. கட்டச் சொன்னேன். போனது. மூன்று தரம் அவரே பிடித்துப் பார்த்தார்.

“அப்ப நான்தான் எரிச்சனா?”

“ஓம் காக்கா. நீங்களும் ஒங்கட கயிறும்.”

கேபிளைக் கயிறு படாத பக்கமாக மாற்றி, மூன்றாவது செற்றையும் பூட்டிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அதே தேநீர்க்கடை வாசலில் நின்று காக்கா சொன்னார்: “றபீக்கக் கள்ளன் எண்டு நான் சொன்ன. பொய். மூட்ட கட்டத் தெரியாத மடையன் நான்தான். அதக் கேட்ட ஆக்கள் இதையும் கேளுங்க.”

சொல்வதாகக் காக்கா முன்பே வாக்குத் தந்திருந்தார்; அதைக் கேட்கவென்றே நானும் அங்கு போய் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இளம் மெக்கானிக்குகளுக்கு இதைத்தான் சொல்வேன்: வண்டியை மட்டும் பார்க்காதீர்கள், அதில் ஏற்றுவதையும் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். அடுத்த கிழமை மருதமுனையிலிருந்து ஏழு மோட்டார் சைக்கிள்கள் வந்தன, ஏழும் மூட்டைகளோடு. முதலாளி எழுந்து முன்னால் போனார்.

“நீங்க இரிங்க முதலாளி” என்றார்கள். “றபீக் வந்து பாக்கட்டும்.”