தரச்சான்றுக்கு ஒரு பழைய மாணவன்

கம்ப்யூட்டர் என்ஜினியரிங் முடித்த தௌஃபீக், நெய்வேலியில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை அள்ளிப் போடுகிறான். கான்ட்ராக்ட் வேலை. சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சேரும்போது சொன்னார்கள். சொன்னவரே இன்னும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறார். படிப்பு ஒன்றும் வீண்போகவில்லை, ஷெட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் உன்னைத்தானே கூப்பிடுகிறார்கள் என்று சிலர் அவனைத் தேற்றுவார்கள். உண்மைதான். கூப்பிட்டு, பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கச் சொல்வார்கள்.

அவன் அத்தா கமாலுதீனுக்கு மெயின் பஜாரில் தையல்கடை. தங்கை சாதியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் படித்ததையே தானும் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எதை வேண்டுமானாலும் படி, எங்கே வேண்டுமானாலும் படி, நான் படித்த காலேஜ் மட்டும் வேண்டாம் என்று தௌஃபீக் சொல்லியிருந்தான். எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவன், இந்த ஒன்றில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அப்போதுதான் செந்தாமரை மேடம் போன் செய்தார். காடாம்புலியூர் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தக் கல்லூரியில் அவனுக்குப் பாடம் நடத்தியவர், இப்போது துறைத்தலைவர். படிப்பின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறதாம். துறை வாசலில் குறிக்கோள் பலகை ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். படித்து முடித்த நாலைந்து வருடத்தில் எங்கள் மாணவர்கள் மென்பொருள் துறையில் பொறுப்பான இடங்களில் இருப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கும். படித்த காலத்தில் எவனும் அதை நின்று வாசித்ததில்லை. இப்போது அதை மெய்யாக்கிக் காட்டப் பழைய மாணவர்கள் தேவைப்பட்டார்கள். பாதிப் பேர் நம்பரை மாற்றிவிட்டார்கள், மீதிப் பேர் போனையே எடுக்கவில்லை.

"சென்னைக் கம்பெனில இருக்கேன், வீட்ல இருந்தே வேலை பாக்குறேன்னு மட்டும் சொல்லுப்பா. சான்று கெடைக்கலைன்னா டிபார்ட்மெண்ட்டையே மூடிருவாங்க. நாங்கல்லாம் எங்க போறது?"

அம்மா மவுத்தான வருடம், பரீட்சையே வேண்டாம் என்று வீட்டில் சுருண்டு கிடந்தவனை, பஸ் ஏறி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர். அவரிடம் முடியாது என்று சொல்ல தௌஃபீக்குக்கு வாய் வரவில்லை.

அத்தாவிடம் பழைய மாணவர் கூட்டம் என்று சொல்லி ஒரு சட்டை தைத்து வாங்கிக்கொண்டான். எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண்களைத் தேய்தேய் என்று தேய்த்தான். ஓரங்களில் மட்டும் பழுப்பு போகவில்லை.

குழுவில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தமிழிலேயே பேசினார். என்ன வேலை செய்கிறாய், இங்கே படித்ததில் எது கைகொடுக்கிறது என்று நிதானமாக விசாரித்தார். தௌஃபீக் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னான். நன்றாகவே சொன்னான். இத்தனை வருடமாக ஆசைப்பட்ட வேலை ஆயிற்றே, தடுமாற என்ன இருக்கிறது? அந்த வேலையில் இருப்பதாகவே கொஞ்ச நேரம் அவனுக்குத் தோன்றிவிட்டது. அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுந்திருக்கப் போனவனைப் பெரியவர் நிறுத்தினார்.

"உங்க வீட்டுப் பிள்ளையை இந்த டிபார்ட்மெண்ட்ல சேர்ப்பீங்களா தம்பி?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே செந்தாமரை மேடம் நின்றிருந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"சேர்ப்பேன் சார். என் தங்கச்சிய இங்கதான் சேர்க்கப் போறேன்."

பெரியவர் சிரித்தபடி அதைக் குறித்துக்கொண்டார்.

சான்று கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு எதிரே கல்லூரி பெரிய பேனர் கட்டியது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் கமாலுதீன் அதைப் படித்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், மகன் ஷிப்ட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, சாதியாவைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டது. ஒருமுறை வாங்கி வைத்தால் அங்கே லேசில் திருப்பித் தர மாட்டார்கள். கரி படிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தவன் வாயில் அத்தா அல்வாவை ஊட்டினார்.

"கோவப்படாத. நீ படிக்கிறப்ப காலேஜ் சரியில்ல, அதான் உனக்கு இப்படி ஆயிப்போச்சி. இப்ப பெரிய பெரிய ஆளுங்க வந்து பாத்துட்டு, நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. நம்மளவிட அவங்களுக்குத் தெரியாதா?"

தௌஃபீக் வாசலுக்கு வந்தான். மேடத்துக்குப் போன் போட்டான். தங்கையைச் சேர்த்துவிட்டதைச் சொன்னான். கவலைப்படாதே, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவன் படித்தபோதும் அவர் இருந்தார், குறை சொல்ல முடியாத அளவுக்குப் பார்த்தும் கொண்டார்.

அத்தாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கல்லூரிக்கென்று அவர் தைத்துக் கொடுத்திருந்த புது யூனிஃபார்ம் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சாதியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பொய் வேலை, பெரியவர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை. அவள் பொத்தானைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு அப்படிக் கேட்டப்ப, என்னை நெனச்சியாண்ணே?"

அவளிடமாவது பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தான்.

"இல்ல. மேடத்தத்தான் நெனச்சேன்."

சாதியா கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தாள். திங்கட்கிழமை காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டாள்.