அத்தானின் மஞ்சள் உள்ளங்கை

என் அத்தான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குபவர். ஒரு சட்டையைக் காட்டி, "சுவருக்கு இதே கலர் வேணும்" என்றால் போதும், சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு அப்படியே கொண்டுவந்துவிடுவார். நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது. சாப்பாட்டு விஷயத்தில் அவரை நம்பவும் முடியாது.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தார். எண்ணெய், வெண்ணெய், வறுவல் எதுவும் கூடாது என்று அங்கே சொன்னதை என் அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? "நீங்க வாயைக் கட்டும்போது நான் மட்டும் எப்படித் திங்கிறது?" என்று தானும் நிறுத்தினாள். வறுத்த உருளைக்கிழங்கு என்றால் உயிரை விடுகிறவள். அன்றிலிருந்து இரண்டு டப்பாவிலும் ஒரே சாப்பாடு: ரொட்டி, துருவிய பச்சைக் கேரட், தக்காளி, வேகவைத்த கீரை. ஒன்று பெயிண்ட் கடைக்கு, மற்றது அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்கு.

பெயிண்ட் கடை அலமாரியில் 'வெள்ளை பிரைமர்' என்று எழுதிய ஒரு புது டப்பா இருந்தது. உள்ளே வெண்ணெய். ஒருநாள் மதியம் அத்தான் கேரட்டின் மேல் அதைத் தாராளமாகப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன்.

"மருந்து மாதிரி கொஞ்சூண்டுதான்டா" என்றார்.

"மருந்தைக் குழிக்கரண்டியிலயா எடுப்பாங்க, அத்தான்?"

எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில மாதத்தில் அவர் உள்ளங்கை மஞ்சளானது. பெயிண்ட் என்றார். அக்கா பெயிண்ட் கறையைப் போக்கும் தின்னரைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். தோல் எரிந்ததுதான் மிச்சம். காமாலையோ என்று அவள் அழ ஆரம்பித்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்குப் போனார்கள்.

டாக்டரம்மா அவர் கண்ணை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையா இருக்கு. காமாலை இல்ல. கேரட் நிறையச் சாப்பிடுவீங்களோ?"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. பின்னாலேயே சந்தேகமும் வந்தது. தன் கையை நீட்டினாள்.

"நானும் அதையேதான் சாப்பிடுறேன் டாக்டர். எனக்கு ஏன் வரல?"

"ஆளுக்கு ஆள் மாறும்மா. ஆனா கேரட்டோட மஞ்சள், தக்காளியோட சிவப்பு எல்லாம் கொழுப்புல கரையறது. எண்ணெயோ வெண்ணெயோ கூட இருந்தாத்தான் குடல் நல்லா இழுத்துக்கும். கீரையில இருக்கறது இன்னும் பிடிவாதம், இலையை விட்டு லேசுல கழலாது. பச்சைக் கேரட்டை வெறுமனே தின்னா முக்கால்வாசி வந்த வழியே போயிடும். சார் வெண்ணெய் போட்டுச் சாப்பிடுறார் போல" என்று டாக்டரம்மா பாட்டுக்கு விளக்கிக்கொண்டே போனார்.

ஊருக்கெல்லாம் நிறம் கலந்து கொடுத்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

வெளியே வந்ததும் அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பொய் சொன்னதுகூடப் போகட்டும்ங்க. அவ்வளவு நாளும் நான் அங்க வெறும் கேரட்டை மென்னுக்கிட்டு இருந்தேனே, ஒரு நாளாவது என் ஞாபகம் வந்துச்சா?"

அத்தான் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தார். ஒரு கைக்குத்தான் இடம் இருந்தது.