பால் கேனில் விழாத தூசி

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் பொங்கியண்ணனுக்குக் கோபமே வராது என்பார்கள். அவர் செய்த ஒன்றைச் சரியில்லை என்று அவர்கள் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பம்பு வார்க்கிற பவுண்டரிகளுக்கு, வார்ப்பதற்கு முன் அதே உருவை மரத்தில் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டின் முன்பாதி பட்டறை. பின்பாதியில் மனைவி துளசிமணியும் அவளுடைய இளைப்பும். பட்டறையை மாற்றுங்கள், இல்லையென்றால் இந்தம்மாவை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துளசிமணி உடுமலைப்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பொங்கியண்ணன் மூன்றாவது வழி இருப்பதாகச் சொன்னார். கோயமுத்தூரில் மூன்றாவது வழி என்றால் ஒரு மிஷின்.

மரத்தூளை இழுக்க வேக்கம் கிளீனர் ஏற்கெனவே இருந்தது. கொஞ்ச நேரம் ஓடினாலே ஃபில்டர் அடைத்துக்கொண்டு முனகும். அதற்கு முன்னால் சைக்ளோன் என்கிற கூம்பு ஒன்றை வைத்தால் தீர்ந்தது என்று போனில் பார்த்தார். கூம்புக்குள் காற்று சுழலும், தூள் சுவரோரமாக ஒதுங்கிக் கீழே விழும், காற்று மட்டும் நடுக்குழாய் வழியே போகும். ஆன்லைனில் பிளாஸ்டிக்கில் கிடைத்தது. கிடைப்பதை வாங்குவதைத் தோல்வியாக நினைக்கிற ஊர் இது. உக்கடத்தில் தகர வேலை செய்கிற சிக்கந்தரிடம் அடிக்கக் கொடுத்தார்.

முதலில் கூம்பைப் பெயிண்ட் வாளிமேல் பொருத்தினார். ஹோஸில் ஒரு மரச்சுருள் அடைத்ததும் வாளி உள்வாங்கி நசுங்கியது.

"அதுக்கும் இளைப்புங்களா?" என்றாள் துளசிமணி.

அடுத்தது பால் கேன். அது தாங்கியது, நிறையவும் செய்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் லேசாக மாவு தடவியதுபோல் இருந்ததே தவிர அடைப்பு இல்லை. அந்த மாவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் கேனைத் திறந்து காட்டினார். பிறகு, தூசியே வராத இடத்தில் ஃபில்டர் எதற்கு, இழுவையைத்தான் கெடுக்கிறது என்று அதை அலமாரியில் தூக்கி வைத்தார். இழுவை கூடியது. துளசிமணியின் இளைப்பும் கூடியது. உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள்.

ஒரு காலையில் அலமாரியில் ஃபில்டரைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இதைய எதுக்குக் கழட்டுனீங்க?"

"தேவையில்ல அம்மணி. தூசி எல்லாம் கேன்ல விழுந்துருதில்ல."

"விழுகறது சரிங்க. விழுகாதது எங்க போகுது?"

"விழுகாததுன்னு ஒண்ணு கெடையாது. கேனைப் பாரு."

"கேனையேதான் பாக்கறீங்க. என்னைய ஒருக்காப் பாருங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. நிரூபிப்பதற்காக மிஷினைப் போட்டு, தரையில் கிடந்த தூளை இழுக்க விட்டார். அவள் காற்று வெளியேறும் வாய்க்கு நேராக போன் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சத்தில் மாவு புகைபோல் கிளம்பி, திறந்திருந்த சமையலறைக்குள் போயிற்று. இருவரும் பார்த்தார்கள்.

"அது போட்டவொடனே கொஞ்சம் வரும். அப்பறம் நின்னுரும்," என்றார் பொங்கியண்ணன்.

அது நிற்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அவள் பையை எடுத்தாள். இரண்டு சேலை மடிப்பதற்குள் அவர் ஃபில்டரை மாட்டிவிட்டார். பஸ் ஏற்றிவிடக் கூடப் போனார். வழியெல்லாம் காற்றைச் சுவருக்கு வெளியே விடும் குழாயைப் பற்றியே பேசினார்.

மறுநாள் சுவரில் துளை போட்டு, குழாயும் வைத்துவிட்டு, போன் செய்தார்.

"நேத்து படுத்தே தூங்குனனுங்க," என்றாள்.

இதைக் கேட்கத்தான் இத்தனையும் செய்தார். இப்போது கேட்கப் பிடிக்கவில்லை.

"ஃபில்டர் மாட்டிப்போட்டேன். காத்தும் வெளிய போயிருது. எப்ப வாரே?"

"மாட்டுனது நல்லதுங்க. உங்களுக்கும் நெஞ்சு இருக்குதில்ல. நீங்க பட்டறைய ஓட்டுங்க, நான் இங்கயே இருந்துக்கறன்."

அண்ணன் வீட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். துளசிமணி போனை வைத்தாள்.